எதிர்முனையில் இருப்பவருக்குச் சாலை தெரியாது

வாசகர் கேள்வி – பதில்

வாகனம் ஓட்டும்போது கைபேசியைப் பயன்படுத்துவது குறித்த கேள்விகளை அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பலவற்றை எழுதியவர்கள் வாகனம் ஓட்டுபவர்கள் அல்லர்; ஓட்டுபவருக்கு அருகில் அச்சத்தோடு அமர்ந்திருப்பவர்களும், வீட்டிலோ அலுவலகத்திலோ இருந்து அவரை அழைப்பவர்களுமே மிகுதியாக எழுதியிருக்கிறார்கள். அக்கடிதங்கள் என்னைச் சிந்திக்க வைத்தன. எனவே, இந்த முறை ஓட்டுநருக்கான பதில்களோடு அவரை அழைப்பவர்களுக்கான பதில்களும் இடம்பெறுகின்றன.

கேள்வி: காரில் செல்லும்போது நான் கைபேசியைக் கையில் எடுப்பதே இல்லை. காரில் உள்ள ஒலிபெருக்கி வழியாகவே பேசுகிறேன். இரு கைகளும் ஸ்டீயரிங்கில் இருக்கின்றன. பார்வையும் சாலையில்தான் இருக்கிறது. பல நாட்டுச் சட்டங்களும் இதை அனுமதிக்கின்றன. அப்படியிருக்க, இதையும் ஆபத்து என்று நீங்கள் திரும்பத் திரும்ப எழுதுவது மிகையில்லையா?

பதில்: மிகையில்லை. ஆனால் உங்கள் கேள்வி நியாயமானது. பொறுப்போடு ஓட்டுகிறோம் என்று நம்பும் மிகப் பலருடைய மனத்தில் இருப்பதும் இதுவே. ஆகையால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் சட்டம். 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் 2006-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், ஓடும் வாகனத்தில் ஓட்டுநர் கைபேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை அந்தந்த நாடு தன் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்று கூறுகிறது. பெரும்பாலான நாடுகளின் சட்டங்களும் இந்த அளவோடு நின்றுவிடுகின்றன. கையில் இருக்கும் கருவியைக் காவலர் கண்ணால் காணலாம். ஓட்டுநரின் மனம் எங்கே இருக்கிறது என்பதை யாராலும் காண இயலாது. சட்டம் கையோடு நின்றுவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. ஆனால், சட்டம் நின்ற இடத்தில் ஆபத்தும் நின்றுவிட்டது என்று பொருள்கொள்ளக் கூடாது.

இனி, ஆய்வுகள் சொல்வது. 1997-இல் கனடாவின் டொராண்டோவில் நடந்த ஓர் ஆய்வில், விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கட்டணப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். விபத்துக்குச் சற்று முன்பு அவர் பேசிக்கொண்டிருந்தாரா என்பதையும், முந்தைய நாளில் அதே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தாரா என்பதையும் ஒப்பிட்டார்கள். ஒரே மனிதரை அவரோடேயே ஒப்பிட்டதால், ‘அவர் இயல்பிலேயே வேகமாக ஓட்டுபவர்’, ‘இவர் நிதானமானவர்’ என்ற வாதங்களுக்கு இடமில்லாமல் போயிற்று. தொலைபேசியில் பேசும்போது விபத்து நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்பது அவர்களுக்குக் கிடைத்த விடை. கையில் பிடிக்காமல் பேசும் கருவியை வைத்திருந்தவர்களுக்கும் எந்தக் கூடுதல் பாதுகாப்பும் கிடைத்ததாகத் தெரியவில்லை. 2005-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், விபத்தில் காயமடைந்து மருத்துவமனைக்கு வந்த 456 ஓட்டுநர்களிடம் இதே முறையில் ஆராய்ந்தபோதும் அதே நான்கு மடங்குதான் தெரியவந்தது. கையில் பிடித்தவருக்கும் பிடிக்காதவருக்கும் அங்கேயும் பெரிய வேறுபாடு இல்லை.

காரணத்தை மூளையில் தேட வேண்டும். 2008-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், தன்னார்வலர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, திரையில் தெரியும் வளைந்த சாலையில் வாகனம் ஓட்டச் செய்தார்கள். அவர்கள் பேசவே இல்லை. காதில் விழும் ஒரு வாக்கியம் சரியா தவறா என்று முடிவுசெய்வது மட்டுமே அவர்களுடைய வேலை. அதற்கே, இடத்தையும் தொலைவையும் கணிக்கும் மூளைப் பகுதியின் செயல்பாடு 37 சதவீதம் குறைந்தது. கைகளுக்கு எந்த வேலையும் கூடுதலாகத் தரப்படவில்லை. கண்கள் திரையை விட்டு அகலவில்லை. இருந்தும், ஓட்டுவதற்குரிய கவனத்தில் ஒரு பங்கைக் கேட்பது எடுத்துக்கொண்டுவிட்டது.

‘கண் சாலையில் இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். பார்ப்பது வேறு, காண்பது வேறு. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாலையைத் திரையில் காட்டும் ஓட்டுநர் பயிற்சிக் கருவியில், கைபடாமல் தொலைபேசியில் பேசியபடி ஓட்டியவர்களின் கண் அசைவைப் பதிவு செய்து, வழியில் அவர்கள் நேராகவே பார்த்த பொருள்களைப் பற்றிப் பின்னர் கேட்டார்கள். பேசாமல் ஓட்டியவர்கள் நினைவில் வைத்திருந்ததைவிட மிகக் குறைவாகவே அவர்களால் நினைவுகூர முடிந்தது. விழியில் பதிந்தது மனத்தில் பதியவில்லை. சாலையைக் கடக்கும் ஒரு குழந்தையும் அப்படி விழியில் மட்டும் பதிந்து மனத்துக்கு எட்டாமல் போகக்கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு, நீங்கள் சொல்லும் அதே முறையில் ஒரு முக்கியமான பேச்சில் ஈடுபட்டபடி ஓட்டிச் சென்றேன். பேச்சு முடிந்தபோது, நான் திரும்ப வேண்டிய சாலையைத் தாண்டி வெகுதூரம் வந்திருந்தேன். வழி தவறியது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இடையில் கடந்து வந்த மூன்று சிக்னல்களில் பச்சை எரிந்ததா சிவப்பு எரிந்ததா என்பது எனக்கு நினைவில் இல்லை என்பதே என்னை நடுங்கச் செய்தது. அன்றிலிருந்து ஓடும் வண்டியில் நான் எந்த அழைப்பையும் ஏற்பதில்லை.

கேள்வி: அப்படியானால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேசுவதும் அதே ஆபத்துதானே? பேச்சு பேச்சுதானே?

பதில்: பெரும்பாலும் அவ்வளவு ஆபத்து இல்லை. பக்கத்தில் இருப்பவரும் அதே சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முன்னால் செல்லும் லாரி திடீரென்று பிரேக் போட்டால் பாதி வாக்கியத்தில் அவர் வாய் மூடிக்கொள்கிறது. சில வேளைகளில் உங்களுக்கு முன்பே அவர் பார்த்து, ‘மெதுவாக, மெதுவாக’ என்கிறார். நெரிசலான சந்திப்பில் பேச்சு தானாகவே தேய்ந்து, அதைக் கடந்தபின் மீண்டும் தொடங்குகிறது. தொலைபேசியில் பேசுபவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது. நீங்கள் அமைதியானால், ‘ஹலோ, கேட்கிறதா?’ என்று மேலும் அழுத்திக் கேட்பார். நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய அந்த நொடியிலேயே அவர் உங்கள் கவனத்தைத் தன்பக்கம் இழுக்கிறார். அவர் அறிந்து செய்வதில்லை.

2008-இல் யூட்டாவில் இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதே வகைப் பயிற்சிக் கருவியில், நெடுஞ்சாலையிலிருந்து ஓரிடத்தில் விலகி நிறுத்த வேண்டும் என்று ஓட்டுநர்களிடம் சொன்னார்கள். அருகில் நண்பரை வைத்துக்கொண்டு பேசியபடி ஓட்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் சரியாக விலகினார்கள். தொலைபேசியில் பேசியவர்களில் பாதிப் பேர் அந்த இடத்தைத் தவறவிட்டார்கள்.

ஆயினும் ஒன்று. பக்கத்தில் இருப்பவரோடு கடுமையாக வாக்குவாதம் செய்வதும், அவர் கைபேசியில் காட்டும் படத்தைத் திரும்பிப் பார்ப்பதும் இந்தச் சலுகைக்குள் வாரா.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். வண்டி ஓட்டும்போது பேசுவதில்லை. குறுஞ்செய்தி வந்தால், யார் அனுப்பியது என்று மட்டும் ஒரு பார்வை பார்ப்பேன். இரண்டு நொடிகூட ஆகாது. அதுவும் சாலை காலியாக இருக்கும்போதுதான். இதில் என்ன நேர்ந்துவிடும்?

பதில்: தம்பி, அந்த இரண்டு நொடியைக் கணக்கிட்டே பார்த்துவிடுவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 16.7 மீட்டர் கடக்கிறது. எதிரே ஓர் ஆபத்தைக் கண்டு, அது ஆபத்து என்று உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்தும் வரை ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 25 மீட்டர் போய்விடும். பிரேக் அழுத்திய பின், நல்ல உலர்ந்த சாலையில் நிற்பதற்கு இன்னும் 20 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 45 மீட்டர். உனக்கு 45 மீட்டர் தொலைவில் ஒருவர் சாலையில் இறங்கினால், நீ சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலையில், அவருக்கு மிக அருகில் வந்தேனும் நிறுத்திவிடலாம்.

அதே இடத்தில் நீ திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று கொள்வோம். உன் இரண்டு நொடியில் வண்டி 33 மீட்டர் நகர்ந்துவிட்டது. நீ தலையை நிமிர்த்தும்போது உனக்கும் அவருக்கும் இடையில் 12 மீட்டர்தான் மீதம் இருக்கிறது. நீ உணர்ந்து பிரேக்கை அழுத்துவதற்கே 25 மீட்டர் வேண்டும். அதாவது, உன் கால் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே வண்டி அவர்மீது மோதிவிடும். அதுவும் வேகம் சிறிதும் குறையாமல், அதே 60 கிலோமீட்டரில். இரண்டு நொடி தாமதம் மோதலைச் சற்றே கடுமையாக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், நடந்தே இருக்காத ஒன்றை அந்த இரண்டு நொடி முழு வேக மோதலாக மாற்றிவிடுகிறது.

இன்னொன்று, ‘இரண்டு நொடி’ என்பது நம்முடைய கணிப்பு மட்டுமே. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் போக்குவரத்து நிறுவனம், உண்மையான சாலைகளில் உண்மையான லாரி ஓட்டுநர்களைக் கேமரா மூலம் பதிவுசெய்து 2009-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஆபத்தான நிகழ்வுக்கு முந்தைய 6 நொடிகளில், குறுஞ்செய்தியில் ஈடுபட்டிருந்தவர்களின் பார்வை 4.6 நொடிகள் சாலையில் இல்லை. குறுஞ்செய்தி அனுப்பியபடி ஓட்டும்போது விபத்தோ, விபத்தை நெருங்கிய நிலையோ நேரும் வாய்ப்பு 23 மடங்கு கூடியிருந்தது. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் கை நீள்கிறது; பார்த்தபின் படிக்கத் தோன்றுகிறது; படித்தபின் ஒரு சொல்லாவது பதில் போடத் தோன்றுகிறது. அந்த விருப்பம் உன் குணக்குறை அன்று. பார்க்கத் தூண்டும்படியாகவே கைபேசியின் ஒலியும் அதிர்வும் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே மனவுறுதியை நம்பாதே. வண்டியை எடுக்கும் முன் கைபேசியின் ஒலி, அதிர்வு இரண்டையும் நிறுத்திவிட்டு, கைக்கு எட்டாத இடத்தில் வை.

‘சாலை காலியாக இருக்கும்போதுதான்’ என்கிறாய். நீ பார்த்த கடைசி நொடியில் அது காலியாக இருந்தது. உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கேள்வி: சிவப்பு விளக்கில் நிற்கும்போது பார்க்கலாம் அல்லவா?

பதில்: வண்டி நிற்கிறது, மனம் உடனே திரும்பி வருவதில்லை. யூட்டா பல்கலைக்கழகக் குழு 2015-இல் கண்டறிந்தபடி, குரல் கட்டளை மூலம் கைபேசியையோ காரின் கருவியையோ இயக்கி முடித்த பிறகும், கவனச் சிதறலின் மிச்சம் 27 நொடிகள் வரை நீடிக்கலாம். பச்சை விழுந்ததும் புறப்படும் வண்டி, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 27 நொடியில் 300 மீட்டர் சென்றுவிடும். பாதசாரிகள் கடக்கும் சந்திப்பு அந்தத் தூரத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. பிரிட்டனில் 2022 மார்ச் மாதத்தில் கடுமையாக்கப்பட்ட விதி, சிக்னலில் நிற்கும் ஓட்டுநர் கைபேசியைக் கையில் எடுப்பதையும் குற்றமாகவே கொள்கிறது.

கேள்வி: என் கணவர் இருசக்கர வாகனத்தில் செல்லும்போது கைபேசியைத் தலைக்கவசத்துக்கும் காதுக்கும் இடையில் செருகிக்கொண்டு பேசுகிறார். தலைக்கவசம்தான் அணிந்திருக்கிறேனே என்கிறார். இது சரியா?

பதில்: தலைக்கவசம் பயன் தருவதற்கு அடிப்படை, அது தலையோடு இறுகப் பொருந்தியிருப்பது. உள்ளே இருக்கும் தடித்த நுரைப்பகுதி அடியின் வேகத்தைத் தான் நசுங்கி உள்வாங்கிக்கொள்வதற்காக வைக்கப்பட்டது. அதற்கும் கன்னத்துக்கும் இடையில் கண்ணாடியும் உலோகமும் கொண்ட ஒரு கடினமான தகட்டைச் செருகினால், பொருத்தமும் கெடுகிறது. விழ நேர்ந்தால் அந்தத் தகடே முகத்தைத் தாக்கும் பொருளாகிறது. கைபேசி சற்று நழுவினால், அதைப் பிடிக்கக் கை தானாக மேலே போகும். தோளால் அழுத்திப் பிடிப்பவர்களுக்குக் கழுத்து ஒருபக்கம் சாய்ந்து, பின்னால் வருவதைப் பக்கக் கண்ணாடியில் பார்ப்பதும் இயலாமல் போகும்.

காரில் செல்பவர் கவனம் சிதறினால் அவரைச் சுற்றி உலோகக் கூடாவது இருக்கிறது. இருசக்கர வாகனத்தில் சமநிலையும் ஓட்டுபவரின் கவனத்தைச் சார்ந்ததே. ஒரு சிறு பள்ளமும், சிறிது மணலும் போதும். பேச்சின் நடுவே பள்ளத்தைத் தாமதமாகக் கண்டு, ஒரு கையால் மட்டும் பிடித்துத் திருப்பி விழுந்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். காதுக்குள் செருகும் சிறு ஒலிக்கருவிகளுக்கும் இதே பதில்தான். அவற்றின் வழியாகப் பேச்சு உள்ளே வரும்போது, பின்னால் வரும் பேருந்தின் ஒலிப்பான் வெளியே நின்றுவிடுகிறது.

அவரிடம் வாதாடுவதைவிட எளிய வழி ஒன்று உண்டு. அவர் வண்டியில் இருக்கும் நேரம் உங்களுக்குத் தெரியுமல்லவா? அந்த நேரத்தில் வீட்டிலிருந்து ஒருவரும் அழைக்காதீர்கள்.

கேள்வி: என் வேலையே சாலையில்தான். ஒரு நாளில் பத்துப் பதினைந்து இடங்களுக்குப் பொருள்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அழைப்பை எடுக்காவிட்டால் மேலாளர் கோபித்துக்கொள்கிறார். ‘எங்கே இருக்கிறாய்?’ என்று கேட்பதற்கே ஒரு மணி நேரத்தில் நான்கு முறை அழைக்கிறார். நிறுத்திப் பேசினால் தாமதம். ஓட்டிக்கொண்டே பேசினால் ஆபத்து. என்னைப் போன்றவர்களுக்கு உங்கள் அறிவுரை எப்படிப் பொருந்தும்?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் நிலையில் இருப்பவரிடம் ‘அழைப்பை எடுக்காதீர்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. ஆகையால் இந்தப் பதிலில் பெரும்பகுதியை உங்கள் மேலாளருக்கு எழுதுகிறேன்.

2013 ஜூலை 24 அன்று ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா நகருக்கு அருகில், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் மட்டுமே கடக்க வேண்டிய ஒரு வளைவில், அதைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் வந்த ரயில் தடம்புரண்டது. ஏறத்தாழ 80 பேர் உயிரிழந்தார்கள். ரயிலின் கருப்புப் பெட்டியை ஆராய்ந்தபோது, ஓட்டுநர் சற்று முன்புவரை தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அவரை அழைத்தவர் அதே ரயிலில் பணியில் இருந்த ஊழியர். வீட்டுப் பேச்சோ வேடிக்கைப் பேச்சோ இல்லை. இனி வரும் ஒரு நிலையத்தில் எந்த நடைமேடையில் நிறுத்துவது என்பது பற்றிய அலுவல் பேச்சு. அந்த நேரத்தில், வேகத்தைக் குறைக்கத் தொடங்க வேண்டிய இடம் கடந்துபோய்விட்டது. வேகத்தைத் தானாகக் குறைக்கும் ஏற்பாடு அந்த வளைவில் இல்லாததும் ஒரு காரணமே. ஆனால், வேலை தொடர்பானது என்பதற்காக ஓர் அழைப்பு ஆபத்தற்றதாகிவிடுவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரியாது. அழைத்தவருக்குத் தீய எண்ணம் இல்லை. அந்த வளைவு நெருங்கிக்கொண்டிருந்தது அவர் மனத்தில் இல்லை, அவ்வளவுதான்.

மேலாளர்களே, உங்கள் ஊழியர் சாலையில் இருக்கிறார் என்று தெரிந்தே நீங்கள் அழைக்கும்போது, அவரது கவனத்தில் ஒரு பங்கைச் சாலையிலிருந்து எடுக்கிறீர்கள். அவர் எங்கே இருக்கிறார் என்பதைத்தான் அறிய வேண்டும் என்றால், இருப்பிடத்தைத் தானாகத் தெரிவிக்கும் வசதி இன்று விலை குறைந்த திறன்பேசிகளிலும் இருக்கிறது. அவரோடு பேசியே ஆக வேண்டும் என்றால், ‘நிறுத்தியதும் அழைக்கவும்’ என்று ஒரு செய்தி அனுப்புங்கள். ஒவ்வொரு பொருளையும் கொடுத்து முடித்தபின், வண்டியை எடுக்கும் முன், அவரே உங்களை அழைப்பதை வழக்கமாக்குங்கள். அதற்கான சில நிமிடங்களை அவருடைய கால அட்டவணையிலேயே சேர்த்துவிடுங்கள். சேர்க்காமல் விட்டால், ‘ஓட்டும்போது பேசக் கூடாது’ என்று சுவரில் எழுதி வைத்திருக்கும் விதியை உங்கள் அட்டவணையே முறிக்கச் சொல்கிறது என்று பொருள். 2011 டிசம்பரில் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அவசர நிலை தவிர, ஓட்டுநர்கள் கையில் எடுத்துச் செல்லும் மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்துவதை முற்றிலும் தடைசெய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. முந்தைய ஆண்டில் மிசூரி மாநிலத்தில் நேர்ந்த ஒரு விபத்துக்குப் பிறகு எழுந்த பரிந்துரை அது. விபத்துக்கு முந்தைய 11 நிமிடங்களில் ஓர் இளம் ஓட்டுநர் 11 குறுஞ்செய்திகளை அனுப்பியும் பெற்றும் இருந்தார். செய்தி அனுப்பியபடி இருந்த மறுமுனைக்காரருக்கு, அவை எங்கே, எப்படிப் படிக்கப்படுகின்றன என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

உங்களுக்கு ஒரு சொல். இந்தப் பக்கத்தை உங்கள் மேலாளரிடம் காட்டுங்கள். தனியாகக் காட்டத் தயக்கமாக இருந்தால், உடன் வேலை செய்பவர்களோடு சேர்ந்து காட்டுங்கள். எல்லாருக்குமான ஏற்பாடாகக் கேட்கும்போது, ஒருவர் மட்டும் வேலையில் சுணங்குகிறார் என்ற பழி வராது.

கேள்வி: வழிகாட்டும் வரைபடத்தைப் பார்ப்பதும் தவறா? அது இல்லாமல் புதிய இடங்களுக்குப் போகவே முடிவதில்லை.

பதில்: தவறில்லை, சேரும் இடத்தைப் புறப்படும் முன்பே பதிவுசெய்து, கருவியைச் சாலையை மறைக்காத, பார்வைக்கு அருகிலான இடத்தில் பொருத்தி, குரல் வழிகாட்டுதலைக் கேட்டு ஓட்டலாம். வழி மாறிப்போனால் கருவியே புதிய வழியைக் கணக்கிடும். ஓட்டியபடி நீங்கள் விரலால் தேட வேண்டியதில்லை. இடத்தையே மாற்ற வேண்டியிருந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். என்னைப் பள்ளியில் விடும்போது அப்பா கைபேசியில் செய்தி அனுப்பிக்கொண்டே ஓட்டுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. சொன்னால், ‘இருபது வருடமாக ஓட்டுகிறேன், எனக்குத் தெரியும்’ என்கிறார். அப்பா நன்றாக ஓட்டுவார் என்பது உண்மைதான். நான் என்ன சொல்ல வேண்டும்?

பதில்: அன்பு மகளே, பயப்படுவதில் உன் தவறு எதுவும் இல்லை. நீ பார்ப்பது சரியாகவே இருக்கிறது. அப்பா நன்றாக ஓட்டுபவர் என்பதும் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால், அந்த இருபது ஆண்டு அனுபவம் சாலையைப் பார்க்கும் கண்களுக்கும் அதில் நிற்கும் மனத்துக்கும்தான் துணை வரும்; பார்க்காத ஒன்றுக்கு அனுபவத்தால் பதில் செய்ய முடியாது.

இரண்டு வேலைகளையும் ஒன்றாகச் செய்ய முடியும் என்று நம்புபவர்களைப் பற்றி அப்பாவிடம் சொல்ல ஒரு செய்தி தருகிறேன். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், 200 பேரை ஓட்டுநர் பயிற்சிக் கருவியில் அமர்த்தி, ஓட்டும்போதே தொலைபேசி வழியாக நினைவாற்றல் கணக்குகளையும் கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தபோதும் எதிலும் குறைவுபடாதவர்கள் 2.5 சதவீதம்; அதாவது 200 பேரில் 5 பேர். மற்ற 195 பேருக்கும் ஓட்டுவதோ கணக்கோ பாதிக்கப்பட்டது. தாங்கள் அந்த ஐவரில் ஒருவர் என்று நினைப்பவர்கள் உலகில் மிகப் பலர். 2006-இல் வெளியான மற்றோர் ஆய்வில், 40 பேரைத் தொலைபேசியில் பேசியபடி ஒரு முறையும், குடித்துவிட்டு ஓட்டுவதாகச் சட்டம் கருதும் அளவுக்கு மது அருந்தச் செய்து ஒரு முறையும் அதே கருவியில் ஓட்டச் செய்தார்கள். மோதல் மூன்று நேர்ந்தது; மூன்றும் தொலைபேசியில் பேசியபோது நேர்ந்தவை. உன் அப்பா மது அருந்திவிட்டு உன்னைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவே மாட்டார் அல்லவா? அதை அவருக்கு நினைவூட்டு.

ஓடும் வண்டியில் வாக்குவாதம் வேண்டாம். அதுவும் அவர் கவனத்தைச் சிதறடிக்கும். வீட்டில், அவர் ஓய்வாக இருக்கும்போது, ‘அப்பா, எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று நீ எனக்கு எழுதிய அதே சொற்களில் சொல். பிறகு ஓர் ஏற்பாட்டைக் கேள்: வண்டி நிற்கும்வரை கைபேசி உன் பையில் இருக்கட்டும், அவசரமாக யாரேனும் அழைத்தால் நீ எடுத்து, ‘அப்பா வண்டி ஓட்டுகிறார், நிறுத்தியதும் பேசுவார்’ என்று சொல்வாய். பல ஓட்டுநர்கள் தங்கள் பிள்ளைகள் கேட்டு இதை ஏற்றுக்கொண்டதை நான் கண்டிருக்கிறேன்.

உன் அப்பா இதைப் படிப்பார் என்றால் அவருக்கு ஒரு வரி: ஐயா, இன்னும் சில ஆண்டுகளில் உங்கள் மகள் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வார். அதற்கான முதல் பாடங்களை அவர் இப்போதே, பக்கத்து இருக்கையிலிருந்து, உங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: என் மகன் சென்ற ஆண்டு விபத்தில் சிக்கினான். கால் முறிந்து பல மாதங்கள் படுக்கையில் இருந்தான், இப்போது நடக்கிறான். அந்த நேரத்தில் அவனோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தது நான்தான். சாப்பிட்டாயா என்று கேட்பதற்காக அழைத்தேன். பேச்சின் நடுவே சத்தம் கேட்டது. அவன் என்மீது பழி சொல்லவில்லை. என்னால்தான் அதை மறக்க முடியவில்லை. இப்போது அவனை அழைக்கவும் பயம். அழைத்து அவன் எடுக்காவிட்டால் அதைவிடப் பயம். நான் என்ன செய்வது?

பதில்: அம்மா, உங்கள் மகன் எழுந்து நடக்கிறார் என்ற வரியைப் படித்தபோது எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. நீங்கள் சுமப்பதைப் பற்றி நேராகவே பேசுகிறேன். அவர் வண்டியில் இருப்பது தெரியாமல் அழைத்தீர்கள். ஓடும் வண்டியில் எடுப்பதா வேண்டாமா என்பதை முடிவுசெய்யும் இடத்தில் இருந்தவர் அவர். சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தவரும் அவர். நீங்கள் இருந்த இடத்திலிருந்து அந்தச் சாலை தெரிந்திருக்காது. அதற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்வது நியாயமில்லை; உங்கள் மகனும் அதைத்தான் தன் மௌனத்தால் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. இருவரும் ஒருமுறை அமர்ந்து அந்த நாளைப் பற்றி வாய்விட்டுப் பேசிவிடுங்கள். பேசாமல் வைத்திருக்கும்வரை அது உங்கள் இருவருக்கும் நடுவில் அப்படியே இருக்கும். அப்படிப் பேசியபிறகும் உறக்கம் கெட்டு, அந்தச் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்பதாக இருந்தால், தயங்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

இனி, அன்றாடத்துக்கு. ‘எடுக்கவில்லை என்றால் வண்டியில் இருக்கிறான்’ என்பதை இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இன்று உங்களை அச்சுறுத்தும் அந்த அமைதிக்கு அப்போது வேறு பொருள் வந்துவிடும். அவர் எடுக்காமல் இருப்பது, சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று உங்களுக்குச் சொல்லும். புறப்படும்போது ஒரு வரி, சேர்ந்ததும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான கைபேசிகளில் ‘வாகனம் ஓட்டும் நிலை’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. ஐஃபோனில் 2017 முதல் இருக்கிறது. வண்டி நகர்வதை உணர்ந்ததும் அது அறிவிப்புகளை நிறுத்திவைக்கும்; செய்தி அனுப்பியவருக்கு, ‘ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பிறகு பேசுகிறேன்’ என்று தானாகவே பதில் அனுப்பும். அதை அவர் கைபேசியில் அமைத்துத் தரச் சொல்லுங்கள். அந்தப் பதில் உங்களுக்கு வரும்போது அவர் நலமாகப் போய்க்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எப்போதாவது நீங்கள் அழைத்து, அவர் எடுத்துவிட்டால், முதலில் ‘வண்டியிலா இருக்கிறாய்?’ என்று கேளுங்கள். ‘ஆமாம்’ என்றால், அடுத்த சொல் பேசாமல் வைத்துவிடுங்கள். அவர் நிறுத்தியதும் கூப்பிடுவார். சாப்பிட்டாயா என்று அப்போது கேட்டுக்கொள்ளலாம்.